ஜூலை வரைக்கும் நீதவான்

கனடாவில், மொன்றியல்-நோர் பகுதியில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் இரண்டு சலவை இயந்திரங்களும் ஓர் உலர்த்தியும் இருந்தன. அந்த அறையில்தான் எங்கள் நீதிமன்றம் நடந்தது. சிரிக்க வேண்டாம், உண்மையாகவே நீதிமன்றம்தான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில், உலர்த்திக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்த பால்பெட்டியில் நீதவான் உட்காருவார். குளிர்காலத்தில் கட்டடத்திலேயே சூடான இடம் அதுதான். மற்ற ஆண்கள் சுவரில் சாய்ந்து நிற்பார்கள். பெண்களுக்கு அந்தச் சபையில் இடமில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்க்கும் நாள். தோய்க்க வந்தவளை வெளியே போ என்று எந்த நீதவானாலும் சொல்ல முடியாது. அதனால் எல்லா வழக்குகளையும் நாங்களும் காது கொடுத்துக் கேட்டோம், ஈரத் துணியைப் பிழிந்துகொண்டு.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. அந்தக் கட்டடத்தில் ஏழு வீடுகளில் தமிழர் இருந்தோம். பெரும்பாலும் மட்டக்களப்பு, திருகோணமலை ஆட்கள். மேல்மாடியில் யாழ்ப்பாணத்துத் தனி ஆண்கள் சிலர். எல்லோரும் அகதிக் கோரிக்கை கொடுத்துவிட்டு விசாரணைக்குக் காத்திருந்தவர்கள். பொலிஸ் ஒருமுறை வாசலுக்கு வந்தால் அது போய்க் கோப்பில் ஏறும், கோப்பில் ஏறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நாங்கள் நம்பினோம். யார் அப்படிச் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் நம்பாதவர் ஒருவரும் இருக்கவில்லை. அதனால் எங்களுக்குள் வந்த கொழுவல்களை நாங்களே தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. படிக்கட்டுப் பனிக்கு உப்புப் போடாதவர் யார், நேரங்கெட்ட நேரத்தில் கருவாடு பொரித்தவர் யார், ஒருவருடைய சப்பாத்தை இன்னொருவர் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனது எப்படி என்று இப்படித்தான் வழக்குகள் வரும்.

ஜூலை முதலாம் திகதி அந்த நகரமே வீடு மாறும் நாள். வீட்டு ஒப்பந்தங்கள் எல்லாம் அன்றைக்குத்தான் முடிந்து புதிதாகத் தொடங்கும். தெருவெங்கும் கட்டிலும் மெத்தையும் குளிர்ப்பெட்டியும் நிற்கும். எங்கள் ஆண்கள் அதைப் பார்த்துவிட்டு, ஒப்பந்தம் ஒரு வருடம் என்றால் நீதவானும் ஒரு வருடம் என்று வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு ஜூலை முதலாம் திகதியும் தேர்தல். வீட்டுக்கு ஒரு வாக்கு. ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் கையை உயர்த்தலாம். நீதவானின் வீட்டுக்கு மட்டும் வாக்கில்லை. இரண்டு பக்கமும் சரிசமமாக வந்தால் அவர் தன் கையை உயர்த்தி முடித்துவைப்பார். இன்னொரு விதியும் இருந்தது. நீதவான் பதவியில் இருக்கும்வரைதான் அவர் தீர்ப்பு நிற்கும். அடுத்தவர் வந்தால் பழைய வழக்கை மறுபடியும் எடுக்கலாம். இந்த விதியைப் பற்றி அப்போது நான் ஒரு நிமிடம்கூட யோசித்ததில்லை. கருவாட்டு வழக்குக்கு அதனால் என்ன வந்துவிடப் போகிறது?

அந்த வருடம் தெரிவான நீதவான் எங்கள் ஊர்ப்பக்கத்து மனிதர். மட்டக்களப்புக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், கிளாக்கராக இருந்தவர். இங்கே டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குள் ஏறிக் குப்பை பொறுக்கி, இருக்கைகளைத் துடைத்து, கழிப்பறை கழுவினார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெள்ளைச் சேட்டு ஒன்றை மடிப்புக் கலையாமல் அழுத்திப் போட்டுக்கொண்டு கீழே வருவார். நாங்கள் அவரை வண்ணக்கர் என்று பகிடி பண்ணுவோம். எங்கள் ஊர்க் கோயில்களில் குடிவழியாகப் பார்த்துத் தெரிவு செய்கிற தலைமைப் பொறுப்பாளருக்கு அந்தப் பெயர். அவர் கோபித்துக்கொண்டதில்லை. உள்ளூர அது அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. நல்ல மனிதர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல எனக்கு மனம் வராது.

இலையுதிர்காலத்தில் என் இடது மணிக்கட்டு உடைந்தது. உடைத்தவர் என் புருஷன். ‘அவர்’ என்றுதான் இன்றைக்கும் எழுத வருகிறது, கை அப்படிப் பழகிவிட்டது. சோறு குழைந்துபோனது என்பது காரணம். அதற்கு முதல் வாரம் வேறு காரணம். ஆஸ்பத்திரியில், பனியில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று சொன்னேன். கனடாவில் எல்லோரும் பனியில்தான் வழுக்கி விழுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். தாதி ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வெளியே மரங்களில் இலைகள் சிவந்துபோய் நின்றன. அந்த வருடம் அதுவரை பனி விழவேயில்லை. பிறகு திரும்பிக் கட்டுப் போட்டுவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒற்றைக் கையால் உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன். சப்பாத்து வழக்கு நடந்துகொண்டிருந்தது. நான் கூடையைக் கீழே வைத்துவிட்டு, “எனக்கும் ஒரு வழக்கு இருக்கு” என்றேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, கட்டுப் போட்ட கையைத்தான் பார்த்தார்கள்.

நீதவான் என் புருஷனிடம் கேட்டார்.

“அடிச்சனியா?”

“வாய் காட்டினவள் அண்ணை.”

“அடிச்சனியா எண்டுதான் கேட்டனான்.”

என் புருஷன் நிலத்தைப் பார்த்தார். நீதவான் சொன்னார்:

“அப்ப நீ வெளிக்கிடு மனே. மேல்மாடிப் பொடியன்மாரோட போய் இரி. அவள் கூப்பிடுற வரைக்கும் அந்த வாசலுக்குப் போகப்படாது. புள்ளையப் பாக்கிறதெண்டா ஞாயித்துக்கிழமை இந்த இடத்தில வந்து பார்.”

மேல்மாடியில் இருந்தவர்களில் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை ஊரில் தொழிற்சங்கத்தில் இருந்தவர். சட்டம் பேசுவதில் அவரை யாரும் வெல்ல முடியாது. அவர் உடனே, “அண்ணை, பிழை விளங்காதேங்கோ. வீட்டு ஒப்பந்தம் அவற்ற பேரில எல்லோ இருக்கு?” என்றார்.

“பேப்பர் ஆற்ற பேரில எண்டு நான் கேக்கயில்ல” என்றார் நீதவான். “எங்கட பக்கம் வீடு ஆருக்கு? பொம்புளைக்கு. நாமெல்லாம் கலியாணம் முடிச்சு அங்க போய் இருந்த ஆக்கள்தானே. கொழுவல் வந்தா சாரத்தைச் சுருட்டிக்கொண்டு வெளிக்கிடுறவன் ஆம்புளை.”

அது உண்மை. எங்கள் ஊரில் மகளுக்குத்தான் வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளை வந்து இருப்பார். சண்டை முற்றினால் அவர்தான் தன் தாய் வீட்டுக்கோ அக்கா வீட்டுக்கோ போவார். அந்த வழக்கத்தை நீதவான் அப்படியே தூக்கிக்கொண்டுவந்து மொன்றியலில் யாரோ ஒருவனுக்குச் சொந்தமான கட்டடத்தில் வைத்துத் தீர்ப்புச் சொன்னார். இந்த நாட்டுச் சட்டத்துக்கு முன்னால் அது செல்லாக்காசு. அது எங்களுக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் யாரும் வாய் திறக்கவில்லை. என் புருஷன் அன்றைக்கே தன் உடுப்புகளை அள்ளிக்கொண்டு மேலே போனார். எனக்கு அன்று வந்த அழுகை சந்தோஷ அழுகை. அப்படி ஒன்று இருப்பதே அன்றுதான் தெரிந்தது.

அந்தக் குளிர்காலம்தான் நான் கனடாவில் வாழ்ந்த நல்ல காலம். காலடிச் சத்தத்துக்குக் காது கொடுக்காமல் சமைத்தேன். சோறு குழைந்தால் குழைந்தபடி தின்றோம். என் மகளுக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடத்தில் வாயே திறக்கிறாள் இல்லை என்று ஆசிரியை சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை, மார்கழியில் வீட்டுக்கு வந்து பிரெஞ்சில் எனக்குக் கட்டளை போடத் தொடங்கினாள். கதிரையில் நேராக உட்கார வேண்டுமாம். பேசுவதற்கு முன் கையை உயர்த்த வேண்டுமாம். நான் கையை உயர்த்தி, தேநீர் குடிக்கலாமா என்று கேட்பேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சரி என்பாள்.

ஆனால் ஜூலை வந்தால் நீதவான் மாறுவார், தீர்ப்பும் மாறலாம் என்பது தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அதற்குள் என் பெயரில் ஓர் இடம் எடுத்துவிட வேண்டும். நான் தையல் தொழிற்சாலையில் வேலை செய்தேன். கட்டடத்தைப் பராமரித்த பிரெஞ்சுக்காரி கீழ்த்தளத்தில் ஒரு சின்ன அறை ஜூலையில் காலியாகும் என்றாள். எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் என்னையும் பிள்ளையையும் தொட்டுக் காட்டினேன். “புருஷன் இல்லையா?” என்று கேட்டாள். “இல்லை” என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது! ஜூலை முதலாம் திகதி அறை எனக்கு என்று அவள் தலையாட்டினாள். நீதவானிடம் சொன்னேன். “அதுவரைக்கும் நான் இருக்கிறன்தானே புள்ள. பயப்படாத” என்றார்.

பங்குனியில் பனி உருகி அழுக்காகக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொழிற்சங்கத்து அண்ணை ஒரு பிரேரணை கொண்டுவந்தார். நீதவானின் பதவிக்காலத்தை ஒரு வருடத்திலிருந்து இரண்டு மாதமாகக் குறைக்க வேண்டும். நான் இயந்திரத்துக்குள் துணியைத் திணித்துக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

“ஒரு ஆள் ஒரு வருசம் கதிரையில இருக்கிறது சரியில்லை” என்றார் அவர். “இருக்க இருக்க அது தன்ர கதிரை எண்டு நினைப்பு வந்திடும். ஊரில என்ன நடந்தது? பாராளுமன்றத்தின்ர காலம் முடிய, தேர்தல் வைக்காமல் தாங்களே இன்னொரு தவணை நீட்டிக்கொண்டவையள். அதாலதானே நாங்கள் இண்டைக்கு இந்தப் பனிக்குள்ள நிக்கிறம்? இஞ்சையும் அதைத்தான் செய்யப் போறமோ? ரெண்டு மாசத்துக்கு ஒராள் எண்டால் எல்லாருக்கும் முறை வரும். ஒருதரும் ராசாவாக ஏலாது.”

நல்ல பேச்சு. அதில் பொய்யாக ஒரு சொல் இல்லை. அந்த மனிதர் மனதில் கள்ளமும் இருக்கவில்லை, அவருக்கு என் வீட்டு விவகாரம் ஞாபகத்திலேயே இருந்திருக்காது. ஆனால் அவருக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்ற என் புருஷனுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. இரவு பகலாக மேல்மாடியில் ஒரே வீட்டில் இருந்து, கதிரை, தேர்தல், தவணை என்று அண்ணைக்குத் தூபம் போட்டவர் அவர்தான். பக்கத்தில் நின்றிருந்த இன்னொரு மேல்மாடிக்காரர் பிறகு இதை என்னிடம் சொன்னார், நல்ல பகிடி மாதிரி.

வாக்கெடுப்பு வந்தது. மூன்று கைகள் வேண்டாம் என்றன. இரண்டு கைகள் வேண்டும் என்றன. மூன்றாவதாக என் வீட்டின் கை உயர்ந்தது. ஒப்பந்தம் என் புருஷனின் பெயரில் இருந்ததால் என் வீட்டின் வாக்கு அவருடையது. ஐந்து மாதமாக அந்த வீட்டுக்குள் கால் வைக்காதவர் அந்த வீட்டுக்காகக் கையை உயர்த்திக்கொண்டு நின்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த ஈரத் துணியால் அவர் முகத்தில் அடித்திருக்கலாம். அடிக்கவில்லை.

மூன்றுக்கு மூன்று. இனி நீதவான் கையை உயர்த்த வேண்டும். அவர் இருக்கிறார்தானே.

பெண்கள் பேசக்கூடாது என்று தெரிந்தும் நான் பேசினேன். “அண்ணை, ஜூலை வரைக்கும் மட்டும் விடுங்க. மறுகா எப்பிடி வேணுமெண்டாலும் மாத்துங்க. ஜூலை வரைக்கும் போதும்.”

அவர் என்னை மிகவும் அன்போடு பார்த்தார். இன்றைக்கும் அந்தப் பார்வையை நினைத்தால் எரிகிறது.

“இது உன்ர வழக்கில்ல புள்ள. இது பொது விசயம்” என்றார். பிறகு எழுந்து நின்றார். “என்ர கதிரைய நானே நீட்டினா, அங்க நீட்டினவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? நான் குறைக்கிறதுக்குத்தான் கை தூக்குவன். இன்னொண்டு. இந்த விதி எனக்கும் சேத்துத்தான். ரெண்டு மாசம் எண்டா என்ர காலம் எப்பவோ முடிஞ்சுது. இண்டையோட நான் இறங்கிறன்.”

எல்லோரும் கை தட்டினார்கள். வேண்டாம் என்று வாக்களித்தவர்களும் தட்டினார்கள். என் புருஷன் எல்லோரையும் விடப் பலமாகத் தட்டினார். நீதவான் பால்பெட்டியை விட்டுத் தள்ளி நின்றார், சேட்டை இழுத்து நேராக்கிக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. ஒருவர் நேர்மையாக நடப்பதைப் பார்த்து நான் அவ்வளவு வெறுத்த நாள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அடுத்த வாரம் புது நீதவான் வந்தார். துறைமுகத்தில் பெட்டி இறக்குகிற, சிரித்த முகமான திருகோணமலைக்காரர். என் புருஷன் முதல் ஆளாகப் போய்ப் பழைய வழக்கைத் திறந்தார். புது நீதவான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தன்மையாகத்தான் கதைத்தார்.

“தங்கச்சி, உங்கட மூண்டு பேற்ற கோப்பும் அவரின்ர பேரிலதானே? விசாரணையில ரெண்டு பேரும் ரெண்டு விலாசம் சொன்னா என்ன நினைப்பாங்கள்? குடும்பமே பொய் எண்டு மூண்டு பேரையும் ஏத்தி அனுப்பிடுவாங்கள். புள்ளைய யோசியுங்கோ. அவரையும் நான் கண்டிச்சு விட்டிருக்கிறன்.”

புள்ளையை யோசித்தேன். ஊரில் ஆமிக்காரர் என் தம்பியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனதை யோசித்தேன். இந்தப் பக்கம் போனால் அது, அந்தப் பக்கம் போனால் இது. அன்று பின்னேரம் என் புருஷன் உடுப்புகளோடு இறங்கி வந்தார். வந்த உடனே சாப்பாடு கேட்டார். என் மகள் தன் பாயை எடுத்துக்கொண்டு போய் அலுமாரிக்கும் சுவருக்கும் இடையிலிருந்த இடுக்கில் விரித்தாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அதற்குப் பிறகும் நான் விடவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு நீதவான் வந்தார், ஒவ்வொருவரிடமும் போனேன். முதல் மாதத்தில் போனால், “இப்பதானே அக்கா வந்திருக்கிறன், கொஞ்சம் பொறுங்கோ” என்பார்கள். இரண்டாம் மாதத்தில் போனால், “நான் இறங்கப் போறன், அடுத்த ஆளிட்டச் சொல்லுங்கோ” என்பார்கள். ஒரு வருடம் இருக்கிற ஆள் என்றால் பகைத்துக்கொண்டாவது ஒரு தீர்ப்புச் சொல்வார், சொன்னதைக் காப்பாற்றவும் அவருக்குக் காலம் இருக்கும். இரண்டு மாதத்துக்காக என் புருஷனைப் பகைக்க யாருக்கு என்ன தலையெழுத்து? கருவாட்டு வழக்குகள் மட்டும் மளமளவென்று தீர்ந்தன.

பழைய நீதவானைப் படிக்கட்டில் காண்பேன். ஒருநாள் என் கன்னத்தைப் பார்த்துவிட்டு, பார்க்காதது மாதிரி, “அடுத்த தேர்தலுக்கு இன்னும் கொஞ்ச நாள்தானே புள்ள. முந்தி மாதிரி ஒரு வருசம் காத்திருக்கத் தேவையில்ல” என்றார். ஆறுதல் சொல்கிறாராம். நான் ஓம் என்று சொல்லிவிட்டுக் கூடையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு ஏறினேன்.

ஜூலை முதலாம் திகதி கீழ்த்தளத்து அறைக்கு ஓர் இளம் சோடி வந்தது. மெத்தையை இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு சிரித்துச் சிரித்து உள்ளே போனார்கள். பிரெஞ்சுக்காரி என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கினாள். என் புருஷன் திரும்பி வந்ததை அவள் கண்டிருந்தாள். புருஷன் இல்லை என்று நான் சொன்னது பொய் என்று நினைத்திருப்பாள். எங்கள் விசாரணையும் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. கோப்புகள் குவிந்துவிட்டன, காத்திருங்கள் என்றார்கள். எந்த விசாரணைக்குப் பயந்து நான் கதவைத் திறந்தேனோ அந்த விசாரணை அந்த வருடமும் வரவில்லை.

தையில், நல்ல உறைபனிக் காலத்தில், முறை எங்கள் வீட்டுக்கு வந்தது. எல்லோருக்கும் முறை வரும் என்று அன்றைக்கே சொன்னார்கள்தானே. என் புருஷன் நீதவானானார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் சேட்டு அழுத்தித் தரச் சொன்னார். அழுத்திக் கொடுத்தேன். பால்பெட்டி குளிருகிறது என்று என் தையல் துண்டுகளில் ஓர் இருக்கைமெத்தை தைக்கச் சொன்னார். அதையும் தைத்தேன். சபைக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டு மகளையும் கூட்டிக்கொண்டு கீழே போனேன். பழைய நீதவானும் வந்திருந்தார். தேநீர்க் கோப்பையை எடுக்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தொழிற்சங்கத்து அண்ணை சீனி போதாது என்றார்.

என் புருஷன் மெத்தையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். வழக்கமாகச் சபை தொடங்கும்போது கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

“ஆருக்காவது முறைப்பாடு இருக்கா?”

உலர்த்தி சுற்றிக்கொண்டிருந்தது. நான் தோய்த்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று எல்லோரும் என் பக்கம் பார்ப்பது தெரிந்தது. திரும்பினேன். துணிக்குவியலுக்குப் பக்கத்தில் என் மகள் நேராக நிமிர்ந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் பழக்கியது போலவே, தகப்பனைப் பார்த்தபடி, வலது கையை நன்றாக மேலே உயர்த்தியிருந்தாள்.

ஒருவர் சிரித்தார். “சின்னாக்களுக்கு வாக்கில்லையம்மா” என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள், பழைய நீதவானைத் தவிர. அவர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். என் புருஷன் சிரித்த முகத்தோடு கேட்டார்: “என்ன, சொல்லு பாப்பம்?”

அவள் வாயைத் திறந்தாள். நான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, ஒரு சோடி காலுறையைக் கொடுத்து மடிக்கச் சொன்னேன்.